ஒன்றாம் நம்பர் பட்டனில் சந்தனம்

பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது வெள்ளி முப்பது காசு.

இவ்வளவும் நல்லம்மாள் தர வேண்டிய கடன் என்று டைப் அடித்த காகிதம் சொன்னது. கீழே அவள் கையெழுத்துக்காக ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் இன்றைய தேதி. மாலை ஐந்து மணிக்குள் அந்தக் கோட்டின் மேல் அவள் பேர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் போலீஸ் ரிப்போர்ட்.

“மாசம் முந்நூறு பிடிச்சா அறுபத்தோரு மாசம், பாஸ். அப்புறமும் நூத்தி அறுபது வெள்ளி மிச்சம் நிக்கும்,” என்றாள் சந்திரகலா. “முப்பது காசை விட்டுட்டேன். முதலாளி தர்மத்துக்கு விட்டுடுவாருன்னு ஒரு நம்பிக்கை.”

அம்புரோஸ் சிரிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு இருபத்திரண்டு படி. காலையில் ஏறிய வலி இன்னும் முட்டியை விட்டு இறங்கவில்லை. முப்பது வருஷம் ரயில்வே யார்டில் பெட்டி கோத்து, கடைசி ஆறு வருஷம் யார்டில் சரக்குத் திருடுகிறவர்களைக் காத்திருந்து பிடித்து, பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார முடியாமல் இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். வயது அறுபத்தொன்று. உடம்புக்கு இன்னும் பத்து கூட.

சந்திரகலா பன்னிரண்டு வருஷம் பேங்கில் கம்பியூட்டரில் எண் தட்டியவள். போன வருஷம் பொருளாதாரம் கவிழ்ந்தபோது பேங்க் அவளையும் கவிழ்த்தது. இப்போது அம்புரோஸுக்கு அவளே குமாஸ்தா, அவளே டிரைவர், அவளே வாய்.

எதிரே மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் நல்லம்மாள். கிள்ளானில் சோமசுந்தரம் லோரி கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகக் கிராணி, குமாஸ்தா வேலை. அவள் புருஷன் அம்புரோஸோடு யார்டில் வேலை செய்தவன். போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. நெற்றியில் சந்தனம் பாதி காய்ந்து உதிர்ந்திருந்தது. அழுது முடித்த முகம் இல்லை அது. அழுவதற்கும் தெம்பில்லாத முகம்.

“நான் என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல அண்ணே,” என்றாள். “எண்ணூத்தம்பது சம்பளம். பிளாட்டுக்கு இருநூத்தி எண்பது கட்டுறேன். முந்நூறு போனா பிளாட்டு போயிரும்.”

“முதல்லேருந்து சொல்லும்மா. என்ன நடந்துச்சு?”

ஜூலை மாதம் இருபத்தொன்பதாம் தேதி. கையுறைக் கம்பெனி சரக்கு, ஒரு கண்டெய்னர். துறைமுகக் கேட்டில் லோரி நுழைய டி.ஓ. என்கிற டெலிவரி ஆர்டர் சீட்டு வேண்டும். சீட்டைக் கம்பியூட்டர்தான் அடித்துத் தர வேண்டும். பத்து மணிக்கு நல்லம்மாள் பட்டனைத் தட்டினாள். கம்பியூட்டர் நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் கழித்துச் சீட்டு வந்தது. கப்பல் அதற்காக நிற்கவில்லை. கையுறைக் கம்பெனி நஷ்டஈட்டுக்குக் கேட்ட தொகைதான் காகிதத்தில் இருந்தது.

“மெஷின் நின்னதுக்கு மனுஷி கட்டணுமா?” என்றாள் சந்திரகலா.

“நான் வேணும்னு நிறுத்துறேனாம். கம்பியூட்டர் போட்ட தம்பி லிஸ்ட் எடுத்துக் காட்டிட்டாரு. நான் லீவு போட்ட நாள்லாம் மெஷின் பறக்குதாம். நான் இருக்கிற நாள்லாம் பத்து மணிக்குப் படுத்துக்குதாம்.”

“நெசமா?”

நல்லம்மாள் தலையைக் குனிந்தாள். “நெசந்தான் அண்ணே. அதான் பயமா இருக்கு.”

பொய் என்று சொல்லியிருந்தால் அம்புரோஸுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும். அவர் எழுந்தார். முட்டி சத்தம் போட்டது.

“கலா, வண்டி ஓடுமா?”

“ஓடும் பாஸ். நிக்கிறதுதான் அதுக்குக் கஷ்டம்.”

சுங்கை வே அருகே ஹைவே அடைத்துக்கிடந்தது. தொழிற்சாலை பஸ்களுக்கு நடுவே சந்திரகலாவின் பழைய சாகா கார் ஊர்ந்தது. ஏர்கான் இல்லை. பின்சீட்டில் நல்லம்மாள் தன் பையால் விசிறிக்கொண்டாள்.

“காலையில ஆபீஸ் வந்ததும் என்னென்ன செய்வேம்மா?” என்று கேட்டார் அம்புரோஸ்.

“என்ன செய்வேன் அண்ணே, எல்லாரும் செய்யிறதுதான். ஏழே முக்காலுக்குக் கதவைத் திறப்பேன். செருப்பைக் கழட்டுவேன். சாமி கும்பிடுவேன். சீட்டு அடிக்க ஆரம்பிப்பேன்.”

“மெஷினுக்கு ஏதாவது சாபம் விடுவீங்களா அக்கா?” என்றாள் சந்திரகலா.

“பழைய மெஷினுக்கு விட்டிருக்கேன். புதுசுக்கு இன்னும் அந்த அளவு பழக்கம் ஆகல.”

சந்திரகலா கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அம்புரோஸ் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார்.

“பழைய மெஷின் எத்தனை வருஷம் இருந்துச்சு?”

“எண்பத்தாறுலேருந்து. பதிமூணு வருஷம். ஒரு நாள்கூட இப்படி நின்னதில்ல. ரெண்டாயிரம் வருஷம் பொறந்தா எல்லா கம்பியூட்டரும் செத்துப்போகும்னு பயமுறுத்தினாங்கல்ல, அதுக்காக முதலாளி மே மாசம் புதுசு போட்டாரு.”

“அப்போ ஆள் மாறல, நாற்காலி மாறல, கை மாறல,” என்றார் அம்புரோஸ். “மாறினது மெஷின். பழி மட்டும் மாறாத ஆள் மேல.”

“பாஸ், இதை அப்படியே அவருகிட்ட சொன்னா மெஷினுக்குச் சம்பளம் பிடிப்பாரு,” என்றாள் சந்திரகலா.

லோரி ஆபீஸ் கிள்ளான் டவுனுக்கு வெளியே யார்டை ஒட்டி இருந்தது. முன்னறையில் தண்டாயுதபாணி படம், அதற்கு எப்போதும் எரியும் சின்ன பல்பு. பக்கத்தில் கண்ணாடி அலமாரி நிறையப் பழைய கணக்குப் புத்தகங்கள், சிவப்புத் துணி அட்டையோடு. ஒவ்வொன்றின் முதுகிலும் வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டிலிருந்து வரிசை தொடங்கியது.

சோமசுந்தரம் நாற்காலியை விட்டு எழாமலே பேசினார். ஐம்பத்தைந்து வயது. நல்ல சட்டை, தூங்காத கண். போன வருஷம் ஆறு லோரிகளை விற்றவர் என்று நல்லம்மாள் வழியில் சொல்லியிருந்தாள்.

“மிஸ்டர் அம்புரோஸ், எனக்கு இவங்க மேல கோபம் இல்ல. கணக்கு சொல்றதைத்தான் நான் சொல்றேன். மாரிஸ், அந்த லிஸ்டைக் காட்டு.”

மாரிஸ் கம்பியூட்டர் போட்டுக்கொடுத்த கம்பெனியின் ஆள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் டை, கக்கத்தில் வியர்வை.

“மே மாசத்துலேருந்து இவங்க ஏழு நாள் லீவு அங்கிள். ஏழு நாளும் சிஸ்டம் ஸ்மூத். மத்த நாள்லாம் பத்து மணிக்கு ஹேங். இதை கோ-இன்சிடென்ஸ்னு சொல்ல முடியாது லா.”

“அவங்க என்ன தட்டுறாங்கன்னு உன் மெஷின் எழுதி வைக்காதா தம்பி?”

“கேள்வியை எழுதி வைக்கும். எந்த கஸ்டமருக்காகக் கேட்டாங்கங்கிற நம்பர் அதுல விழாது. அந்த இடம் வெறும் கோடாத்தான் தெரியும். டூல் அப்படி.”

“எந்த டூல்?” இது சந்திரகலா.

மாரிஸின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “மேப்பிங் டூல் அக்கா. புதுசு. நான் டேட்டாபேஸுக்கு ஒரு கேள்விகூடக் கையால எழுதல. ‘கஸ்டமர்’னு ஒரு பொருள், லோரி போற ‘நடை’னு ஒரு பொருள், இதுக்கும் அதுக்கும் இன்ன உறவுன்னு சொல்லிட்டாப் போதும். கேள்வியை டூலே எழுதிக்கும்.”

“எங்க பேங்க்ல ஒரு மேனேஜர் இருந்தாரு,” என்றாள் சந்திரகலா. “அவரும் ஒரு கேள்விகூட எழுத மாட்டாரு. எல்லாத்தையும் நாங்க எழுதுவோம். தப்பானா மட்டும் எங்க பேரு ஞாபகம் வரும் அவருக்கு.”

அம்புரோஸ் லிஸ்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “மெஷின் எழுதினதைப் பார்த்தாச்சு. மனுஷன் எழுதினது ஏதாவது இருக்கா?”

இருந்தது. யார்டு சூப்பர்வைசர் வேலாயுதத்திடம். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நாற்பது பக்க நோட்டு. எந்த லோரி எத்தனை மணிக்கு யார்டை விட்டது என்று தினமும் பென்சிலில் எழுதியிருந்தான்.

“கம்பியூட்டர் வந்தப்புறம் எதுக்கு நோட்டுன்னு முதலாளி திட்டுவாரு அண்ணே,” என்றான் வேலாயுதம். “டிரைவருங்க ஓவர்டைம் சண்டைக்கு வந்தா எனக்கு இதுதான் சாட்சி.”

ஒரு லோரியின் படிக்கட்டில் உட்கார்ந்து அம்புரோஸ் நோட்டைப் புரட்டினார். எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டித்தான் அவர் படிப்பார். முப்பத்திரண்டு வயதில் யார்டு குடிசையில் படிக்கக் கற்றவர். வேகமாகப் படிக்கிறவன் தாண்டிப் போவதை மெதுவாகப் படிக்கிறவன் தாண்ட மாட்டான். பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். சந்திரகலா ஐஸ் மைலோ வாங்கிக்கொண்டு வந்தபோது விரல் ஓரிடத்தில் நின்றிருந்தது.

“கலா, லிஸ்ட்ல வேகமான நாள் எத்தனை?”

“ஏழு.”

“நோட்டுல எட்டு. ஆகஸ்ட் பதினேழு. பத்து மணி கையுறை லோரி பத்து அஞ்சுக்குக் கிளம்பியிருக்கு. மத்த நாள்லாம் பத்தே முக்கால், பதினொண்ணு.”

“அன்னிக்கு அக்கா லீவு இல்லையே. லிஸ்ட்ல இல்லையே.”

“இல்லைதான். வேலா! ஆகஸ்ட் பதினேழு என்னய்யா விசேஷம்?”

வேலாயுதம் தலையைச் சொறிந்தான். “அன்னிக்கு அக்கா வந்த பஸ் நடுவழியில நின்னுருச்சு அண்ணே. ஒன்பதரைக்குத்தான் வந்தாங்க. அதுவரைக்கும் நான்தான் ரெண்டு விரலால சீட்டு அடிச்சேன். அக்கா லீவு போட்டாலும் நான்தான்.”

“நீ வந்ததும் முதல்ல யாருக்கு அடிப்பே?”

“கையுறைக் கம்பெனிக்கு. பத்து மணிக்கு அஞ்சு லோரி அவங்களுதுதானே. ரெண்டு விரலுக்கு நேரமாகும்னு ரெண்டு சீட்டைக் காலையிலேயே அடிச்சு வச்சிருவேன், மிச்சம் பத்து மணிக்கு.”

அம்புரோஸ் மைலோவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஐஸை மென்றார். “ஒன்பதரைக்கு வந்து, ஆறு வரைக்கும் அவ அந்த நாற்காலியிலதான் இருந்திருக்கா. கெடுக்கணும்னு நினைச்சவ அன்னிக்குப் பத்து மணிக்கும் கெடுத்திருக்கலாம். கெடுக்கல. அப்போ கெட்டது எதுவோ அது ஏழே முக்காலுக்கும் ஒன்பதரைக்கும் நடுவுல கெடுது.”

“பாஸ், இது மட்டும் அவருக்குப் போதாது. ‘அன்னிக்குக் களைப்பா இருந்துச்சு, நாசவேலைக்கு லீவு விட்டுட்டா’ன்னு சொல்வாரு.”

மணி மூன்றேகால்.

ஆபீஸுக்குள் திரும்பியபோது நல்லம்மாள் தன் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இன்று அவள் கம்பியூட்டரைத் தொடக் கூடாது என்று உத்தரவு. இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி நிற்பது பார்க்க நன்றாக இல்லை.

சந்திரகலா குனிந்து தட்டச்சுப் பலகையைப் பார்த்தாள். பேங்கில் பன்னிரண்டு வருஷம் தட்டிய கண் அது. எந்தப் பட்டன் தேய்ந்திருக்கிறது என்று முதலில் அதுதான் பார்க்கும்.

“பாஸ்,” என்றாள் மெதுவாக. “இந்த ஒண்ணாம் நம்பர் பட்டனைப் பாருங்க. ஓரத்துல மஞ்சளா ஒட்டியிருக்கு. என்டர் பட்டன்லயும் இருக்கு. வேற எதுலயும் இல்ல.”

அம்புரோஸ் நகத்தால் சுரண்டி மூக்கருகே வைத்தார். சந்தனம்.

அவர் நல்லம்மாளின் நெற்றியைப் பார்த்தார். பிறகு தண்டாயுதபாணி படத்தை. பிறகு கண்ணாடி அலமாரியை. கதவைத் திறந்து அறுபத்திரண்டாம் வருஷப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பிரித்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். எழுபதை எடுத்தார். எண்பத்தைந்தை எடுத்தார். மூன்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“என்ன பாஸ்?”

“ஒண்ணுமில்ல. இன்னும் ஒரே ஒரு ஆளு அந்தப் பட்டனை அழுத்தணும்.” குரலை உயர்த்தினார். “தம்பி மாரிஸ், ராத்திரி இந்த மெஷின் ஓடிக்கிட்டு இருக்குமா?”

மாரிஸ் முதலாளியைப் பார்த்தான். “இருக்கணும் அங்கிள். நான் சொன்னேன். கேட்கல.”

“எதுக்கு ஓடணும்?” என்றார் சோமசுந்தரம். “ஆளில்லாத ஆபீஸ்ல. பூட்டும்போது மெயின் சுவிட்சை நானே என் கையால அணைச்சிட்டுத்தான் போவேன். சாமி பல்புக்கு மட்டும் தனி லைன்.”

“சரி. இப்போ ஒரு தரம் அணைங்க. காலை மாதிரி ஆரம்பிப்போம்.”

அணைத்தார்கள். போட்டார்கள். பெரிய மெஷின் முனகிக்கொண்டு எழுந்திருக்கப் பத்து நிமிஷம் ஆனது.

“வேலா, லீவு நாள்ல செய்யிற மாதிரி நீ உட்கார்.”

வேலாயுதம் இரண்டு விரலால் கையுறைக் கம்பெனியின் நம்பரைத் தட்டினான். நான்கு எண்ணுவதற்குள் சீட்டு வந்துவிட்டது. இன்னொரு முறை தட்டினான். மறுபடியும் நான்கு.

சோமசுந்தரம் கையைத் தட்டினார். “பார்த்தீங்களா? நல்லம்மா தொடாதப்ப ஓடுது! நீங்களே நிரூபிச்சிட்டீங்க மிஸ்டர் அம்புரோஸ்.”

நல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சந்திரகலா அம்புரோஸின் காதருகே வந்தாள். “பாஸ், நாம யாரு பக்கம்?”

“அவசரப்படாதே,” என்றார். “முதலாளி, நீங்க சொல்றது சரிதான். இன்னொரு தரம் அணைங்க. இந்தத் தடவையும் நல்லம்மா தொட வேண்டாம். நீங்களே உட்காருங்க. முதலாளி கையால அன்னன்னிக்கு வேலையை எப்படி ஆரம்பிக்கணுமோ அப்படி ஆரம்பிச்சு வைங்க. அப்புறம் வேலா கையுறைக்கு அடிக்கட்டும். அதுலயும் நாலு எண்ணுறதுக்குள்ள வந்துட்டா, இந்தம்மா இங்கேயே கையெழுத்துப் போடுவாங்க. நான் சாட்சி போடுறேன்.”

நல்லம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுபடி அணைத்துப் போட்டார்கள். மெஷின் எழுந்தபோது மணி நான்கு. சோமசுந்தரம் செருப்பைக் கழற்றினார். தண்டாயுதபாணி முன் நின்று கண்ணை மூடினார். கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டு நெற்றியில் வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். யோசிக்கக்கூட இல்லை. மூச்சு விடுகிற மாதிரி, வலது கை மோதிர விரல் ஒன்றாம் நம்பரை அழுத்தியது. பிறகு என்டர்.

திரையில் வந்தது: வாடிக்கையாளர் எண் 1. தண்டாயுதபாணி கோயில். தைப்பூச லோரி, இலவசம். வருஷத்துக்கு ஒரு வரி. மொத்தம் பதின்மூன்று வரி.

“இப்போ நீ உட்கார் வேலா,” என்றார் அம்புரோஸ்.

வேலாயுதம் கையுறைக் கம்பெனி நம்பரைத் தட்டினான்.

நான்கு எண்ணி முடிந்தது. நாற்பது எண்ணி முடிந்தது. சீட்டு வரவில்லை. திரையில் ஒரு மணல்கடிகாரம் நின்றது. ஐந்து நிமிஷம். யார்டில் ஒரு டிரைவர் ஹாரன் அடித்தான். பத்து நிமிஷம். அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும்.

“நான் ஒண்ணும் பண்ணலையே,” என்றார் சோமசுந்தரம்.

“அதையேதான் முதலாளி நானும் ரெண்டு மாசமா சொல்றேன்,” என்றாள் நல்லம்மாள்.

மாரிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். “பிளான்! பிளானை வச்சுக்குது!” என்று கத்தினான்.

“தமிழ்ல அடிச்சுக்க தம்பி,” என்றாள் சந்திரகலா.

மாரிஸ் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். டையைத் தளர்த்தினான். “அங்கிள், பழைய புரோகிராம் ஒவ்வொரு கேள்விக்குள்ளேயும் நம்பரைச் சேர்த்தே எழுதும். ‘ஒண்ணாம் நம்பரோட நடையெல்லாம் கொடு’, ‘நாப்பத்தேழாம் நம்பரோட நடையெல்லாம் கொடு’. டேட்டாபேஸுக்கு அது ரெண்டும் வேற வேற கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் புதுசா உட்கார்ந்து எந்த வழியில தேடலாம்னு யோசிக்கும். டூல் அப்படி எழுதாது. ‘இன்ன நம்பரோட நடையெல்லாம் கொடு’ன்னு எப்பவும் ஒரே வாக்கியம். நம்பரைத் தனியாத் துண்டுச் சீட்டுல கொடுக்கும். வாக்கியம் மாறலையா, டேட்டாபேஸ் மறுபடி யோசிக்காது. முதல் தடவை போட்ட வழியை ஞாபகத்துல வச்சிருக்கும், அதையே எடுத்துக்கும். யோசிக்கிற நேரம் மிச்சம். நல்லதுக்குத்தான் அப்படி.”

“முதல் தடவை கேட்டது கோயிலுக்கு,” என்றார் அம்புரோஸ்.

“ஆமா. பதிமூணு வரிதான். புத்தகத்தோட பின்பக்க அட்டவணையைப் பார்த்து, பக்கத்துக்குப் போய் ஒரு வரி எடு, திரும்பி வா, அடுத்ததுக்குப் போ. பதிமூணுக்கு அதுதான் சுருக்கு வழி. கையுறைக் கம்பெனிக்குப் பழசெல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரி. சீட்டு அடிக்குமுன்ன டூல் அத்தனையையும் கொண்டு வந்து பாக்கியைக் கூட்டிப் பார்க்கும். ஒரு லட்சத்து எண்பதாயிரம் தடவை அட்டவணைக்கும் பக்கத்துக்கும் அலையுது இப்போ. பேசாம முதல் பக்கத்துலேருந்து கடைசி வரை ஒரே மூச்சில படிச்சா நாலு செகண்டு.”

“வேலா கையுறையை முதல்ல கேட்டா அந்த ஒரே மூச்சு வழி. எல்லாருக்கும் நாள் பூரா அதான்,” என்றாள் சந்திரகலா. “கோயில் முதல்ல வந்தா எல்லாருக்கும் கோயில் வழி. ராத்திரி மெயினை அணைச்சா ஞாபகம் போயிரும், காலையில மறுபடி முதல்லேருந்து. டேய் மாரிஸ், ஏழு நாள் லிஸ்ட் போட்டே. இதைப் போட்டியா?”

“எனக்குத் தெரியல அக்கா. சத்தியமா. டூல் எழுதினதை நான் படிக்கல.” “தப்பு சிஸ்டத்துலன்னு ஆனா எங்க கம்பெனி என்னைத் தூக்கிரும்னு பயம். லிஸ்ட் பொருந்துச்சா, அதோட விட்டுட்டேன்.”

அம்புரோஸ் அவன் தோளைத் தொட்டார். எழுபத்தொன்றில் யார்டில் நடந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. காலையில் முதலில் இன்ஸ்பெக்டரின் சின்ன டிராலி வந்தது. அதை ஒதுங்குபாதைக்கு அனுப்பத் தண்டவாளம் மாற்றும் கட்டையைத் திருப்பினார்கள். திருப்பிய கட்டையை யாரும் மறுபடி பார்க்கவில்லை. பின்னால் வந்த நாற்பது பெட்டி கூட்ஸ் வண்டியும் அதே பாதையில் போய் முட்டி நின்றது. விசாரணையில் டிராலி தள்ளியவனுக்குத்தான் சம்பளம் வெட்டினார்கள். டிராலி தள்ளியவன் நல்லம்மாளின் புருஷன். அதை இப்போது அவர் சொல்லவில்லை.

சோமசுந்தரம் எழுந்தார். “அப்போ தப்பு இவன் மேல. இவன் கம்பெனி கட்டட்டும் பதினெட்டாயிரத்தையும்.”

“கடன் நாற்காலி விளையாட்டு விளையாடுது பாஸ்,” என்றாள் சந்திரகலா. “பாட்டு நின்னா யாரு மடியில?”

“முதலாளி,” என்றார் அம்புரோஸ். அவருக்குப் பேசக் களைப்பாக இருந்தது. அதனால் சுருக்கமாகப் பேசினார். “மெயினை அணைக்காதேன்னு இந்தத் தம்பி சொன்னாரா, இல்லையா?”

“சொன்னான்.”

“கோயில் கணக்கைத் திறந்துட்டுத்தான் வேலையைத் தொடங்கணும்னு நல்லம்மாளுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?”

நல்லம்மாள் சொன்னாள்: “பெரிய முதலாளி. உங்க அப்பா. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளு. புத்தகத்துல முதல் பக்கம் கோயிலுக்கு, அதைப் பிரிச்சிட்டுத்தான் அடுத்த பக்கம்னாரு. புத்தகம் போய் மெஷின் வந்துச்சு. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லல. ஒண்ணு தட்டுறது எனக்குச் செருப்பைக் கழட்டுற மாதிரி. அதையெல்லாமா அண்ணே ஒருத்தர்கிட்ட சொல்வாங்க?”

“நீங்களும் ஒண்ணைத்தான் தட்டுனீங்க முதலாளி,” என்றார் அம்புரோஸ். “நான் எதைத் தட்டணும்னு சொல்லவே இல்ல.”

சோமசுந்தரம் தன் மோதிர விரலைப் பார்த்தார். நுனியில் சந்தனம் இருந்தது. கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்.

“அதை நிறுத்தணுமா தம்பி?” என்று மாரிஸிடம் கேட்டார். முதல்முறையாக அவர் குரலில் பயம்.

“வேணாம் சார். அந்த ஒரு கேள்வியை மட்டும் டூல்கிட்டேருந்து பிடுங்கி நானே கையால எழுதிடறேன். நம்பரை உள்ளேயே வச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா யோசிக்கட்டும். சாமி முதல்ல வரட்டும். ஆனா மெயினை மட்டும்…”

“அணைக்கல. விடு.”

மாரிஸ் கையுறைச் சீட்டை நிறுத்தினான். மணல்கடிகாரம் மறைந்தது. மணி ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

சோமசுந்தரம் கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். சந்திரகலா குப்பைக்கூடையைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் போட்டார்.

“நல்லம்மா,” என்றார். “தப்பா நினைச்சுக்காதே.”

“நினைக்க நேரம் இல்ல முதலாளி. அஞ்சாகுது. தொகையை எந்தக் கணக்குல எழுதட்டும்?”

சோமசுந்தரம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“என் பேர்ல. சோமசுந்தரம், சொந்தப் பற்று. நஷ்டம்னு போடு.”

நல்லம்மாள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் தட்டச்சுப் பலகையைத் துடைத்தாள். சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை. முதலாளியின் நம்பரைத் தட்டினாள். பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. கொஞ்சம் நின்று, புள்ளி வைத்து, முப்பது காசையும் தட்டினாள். என்டரை அழுத்தினாள்.

மெஷின் இன்னும் கோயில் வழியில்தான் நின்றது. சோமசுந்தரத்தின் சொந்தப் பற்றில் பழைய வரி ஒன்பதே ஒன்பது, அதற்கு அந்த வழியே சுருக்கு.

கடன் உடனே ஏறிக்கொண்டது.